கலம் நான்கு

நீடாமங்கலம் தாண்டி, மூணாறு தலைப்பில்
வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது.
பதினொரு வருஷமாகக்
காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும்
அளவுகோல் பார்த்து எழுதுகிறேன்.
கலம் மூன்று, பாமனியாறு.
கலம் நான்கு, கோரையாறு.
இத்தனை கனஅடி.
அனுப்பியதை எழுதலாம்;
போய்ச் சேர்ந்ததை எழுத
அந்தப் பதிவேட்டில் இடமில்லை.

தை முதல் ஞாயிறு
ஜெசிந்தாவும் நானும் பஸ் ஏறினோம்.
ஜாம்புவானோடையில் வனத்துறை ரசீது,
யாருடைய வியர்வையோ காயாத
ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்.
படகுக்காரர் பெயர் செய்யது கனி.
"எந்த ஊரு?"
"தண்ணி விடுற ஊரு" என்றாள் ஜெசிந்தா.
"அப்ப நீங்கதானா" என்றார்.
கடன் கொடுத்தவரைப் பார்ப்பது போலவா
வாங்கியவரைப் பார்ப்பது போலவா,
புரியவில்லை.

கோரையாறு இங்கே அகன்று
ஷட்டரில் முட்டி இரைந்ததெல்லாம் மறந்து
சும்மா கிடக்கிறது.
சேற்றில் அலையாத்தியின் மூச்சுவேர்கள்,
அறுத்த வயலில் நிற்கும் தாள் போல;
ஆனால் இந்தத் தாள் வளர்கிறது.
"அது தில்லை. தொடாதீங்க,
பால் பட்டா கண்ணு போயிரும்."
தொட இருந்த கையை
ஜாக்கெட்டில் துடைத்துக்கொண்டேன்.

பிறகு லகூன்.
திட்டு, திட்டுக்கு அப்பால் திட்டு.
ஒன்றில் இறங்கினோம்.
என் இடது செருப்பு அங்கேயே தங்கிவிட்டது.
விரல் நனைத்து நாக்கில் வைத்தேன்.
உப்பு.
நான் எழுதிய எந்த எண்ணின் ருசியும் இல்லை.
"ஐப்பசியில வாங்க, இவ்வளவு கரிக்காது.
நீங்க மேல அடைச்சா
இங்க இறால் குஞ்சு செத்துப்போவும்" என்றார்,
வானிலை சொல்வது போல.

முகத்துவாரம் நெருங்கியதும் போன் அதிர்ந்தது.
இலங்கைக்கு வரவேற்கிறோம்.
நிமிடத்துக்கு இவ்வளவு.
"ஃபாரின் வந்தாச்சுடீ" என்று
ஜெசிந்தா முடி ஒதுக்கிப் படம் எடுத்தாள்.
எல்லை எங்கே என்று கேட்டேன்.
மோட்டாரில் ஒரு கை, பீடியில் ஒரு கை.
தாடையால் காட்டினார், தண்ணீரை.
"கோடா கிழிச்சிருக்கு?
ஜிபிஎஸ் கத்தும். சில நாள் கத்தாது."
எலுமிச்சை சாதத்தைப் பிரித்து நீட்டினோம்.
பாதி தின்றபின்தான் சொன்னார்:
"கத்தாத நாள்ல போனவன் என் மச்சான்.
பதினாலு மாசத்துல ஆளை விட்டாங்க.
போட்டு இன்னும் அங்கதான்."
ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டார்.
இருந்தது.

திங்கள், காலை ஆறு.
பனியில் அளவுகோல் மங்கல்; டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கலம் நான்கு: இருநூற்றுப் பன்னிரண்டு.
கடைசியில் 'குறிப்பு' என்றொரு கட்டம்,
பதினொரு வருஷமாக வெறும் கோடுகள்.
'நேரில் பார்த்தேன்' என்று எழுதினேன்.
உதவிப் பொறியாளர் கேட்பாரே என்று
அடித்தேன்.
அடித்த இடத்தில் சுருக்கொப்பம் வேண்டும், விதி.
போட்டேன்.