ஒற்று மிகும் இடங்கள்

பிராஸ் பாசா வளாகத்தில், மூன்றாம் மாடியில்,
நான்கு வெள்ளிக்கு வாங்கினேன்.
சமையல் குறிப்புக்கும் கைரேகை நூலுக்கும் நடுவே
முதுகு வெளுத்து நின்றது:
'மின்மானி நகரம்', நாவல்.
எழுதியவர் நா. சிற்சபேசன்.
ஐந்நூறு படிகள்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது.

பின்னட்டையில் ஆள்
சட்டைப்பையில் டார்ச் விளக்கோடு நிற்கிறார்.
வீடு வீடாகப் போய் மீட்டர் குறித்தவராம்.
எந்த வீட்டில் யார் தூங்கவில்லை என்பது
எண்ணாகத் தெரிந்த மனிதர்.

பிற நாட்டார் எழுதும் கொடுங்காலங்களில்
சர்வாதிகாரி உரத்துப் பேசுவான்,
சிலை இருக்கும், பூட்ஸ் இருக்கும்,
படமாக வந்தால் பாப்கார்னும் விற்கும்.
சிற்சபேசனின் ஆட்சியாளர்
வரிசையில் நிற்கிறார்.
பின்னால் வருபவருக்காக
மின்தூக்கிப் பொத்தானை அழுத்திப் பிடிக்கிறார்.
சுற்றறிக்கை மட்டும் அனுப்புகிறார்:
'இரவு பதினொன்றுக்கு மேல் விளக்கெரிப்போர்
என்ன யோசிக்கிறீர்கள் என்று தெரிவித்தால்
உதவியாக இருக்கும்.'

அணிந்துரை தந்த சங்கத் தலைவர்
'மின்சாரச் சிக்கனத்தை வலியுறுத்தும் நற்படைப்பு' என்று
மனமாரப் பாராட்டியிருக்கிறார்.
கேலியா, பயமா,
படிக்கவே இல்லையா?
ரயில் நியூட்டனைத் தாண்டும்வரை யோசித்தேன்.

எனக்கு முன்பே புத்தகத்தில் ஒருவர் இருந்தார்.
சிவப்பு மை.
தமிழாசிரியர் கை, சந்தேகமில்லை.
கதையைப் பற்றி ஒரு சொல் கிடையாது.
பக்கம் பத்தொன்பது: 'கதவை தட்டினார்கள்.'
நடுவே ஒரு 'த்' செருகி, ஓரத்தில்:
இங்கே ஒற்று மிகும்.
பக்கம் நாற்பத்தொன்று: 'பெயரை குறித்துக்கொண்டார்கள்.'
இங்கும் ஒற்று மிகும்.
'அவள் மறைத்தப் பேனா.'
மிகாது, மிகாது என்று
தாள் கிழிய அடித்திருக்கிறது.

சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
எதிரிருக்கை மாது கைப்பேசியிலிருந்து நிமிர்ந்து
என்னை ஒருமுறை குறித்துக்கொண்டார்.

புள்ளி வைத்த எழுத்துக்கும் வேவுக்கும்
ஒரே பெயரிட்ட மொழி.
அந்தக் கைக்கு இது தெரியாமலா இருக்கும்?
தெரிந்தும்
இலக்கணம் என்றே எழுதி வைத்ததா?

நாவலில் ஒரு மங்களேஸ்வரி.
வானொலிப் பெட்டி ஆலையில் ஈயம் பற்றவைப்பவள்.
ஊர்ப்பெயர் எங்கும் சொல்லப்படவில்லை,
ஆனால் அவள் புளோக்கின் கீழே கோப்பி-ஓ கிடைக்கிறது.
மெழுகுவத்திக்கு மானி இல்லை என்று கண்டுபிடித்து
இரவில் எழுதுகிறாள்.
என்ன எழுதுகிறாள் என்று
சிற்சபேசன் நமக்கும் காட்டவில்லை.
மீட்டர்காரர் அல்லவா,
வாசலோடு நின்றுவிடுகிறார்.

நூற்று அறுபத்து மூன்றாம் பக்கத்தில் மெழுகு தீர்கிறது.
படிக்கட்டில்
மரியாதையான காலடிகள்.

அங்கிருந்து சிவப்பு மை இல்லை.
பிழைகள் தாராளமாக வருகின்றன.
ஒருமை பன்மையோடு மயங்குகிறது,
ணகரம் னகரமாகிறது,
கேட்பார் இல்லை.
மூடாத பேனா தாளில் கிடந்து ஊறிய
ஒரு சிவப்புப் பொட்டு மட்டும்,
மிச்சப் பக்கங்கள் எல்லாவற்றுக்குமாக.

கேஷ்யூவில் இறங்க வேண்டியவள்
புக்கிட் பாஞ்சாங்கில் இறங்கி நடந்தேன்.

வீட்டில் கைப்பேசி மின்னியது:
'உங்கள் மின்பயன்பாடு
அண்டை வீடுகளைவிடப் பதினெட்டு விழுக்காடு அதிகம்.'
கூடவே சிரிக்கும் இலை ஒன்றின் படம்.

கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கம்:
'காவலர் கண்ணுக்கு தெரியாமல்
அவள் இறங்கிப் போனாள்.'

விதிப்படி அங்கே ஒரு 'த்' வேண்டும்.
பேனா என் கையில்தான் இருந்தது.

மணி பதினொன்று இருபது.
விளக்கு எரிகிறது.