நீலம் ஒன்று

மழை ஷட்டருக்குக் கீழே கைநீட்டிக்கொண்டிருந்த நேரம்
மாத்ரே வந்தார், சொசைட்டி செக்ரட்டரி.
பைக்குள் பை, அதற்குள் ஒரு பை, அதற்குள் பென்டிரைவ்.
மராத்தியில் நான்கு பக்கம், ஜூன் மாதக் கூட்டத்தின் மினிட்ஸ்.
பிரின்ட் போட்டால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி மட்டும்
வெளிறி நிற்கிறதாம்.
"ஸேம் டு ஸேம் ஆக்கிக் கொடு."

திரையில் எல்லாம் கறுப்புதான்.
அவர் கண்ணுக்கும் கறுப்பு, என் கண்ணுக்கும் கறுப்பு.
பிரின்டர்தான் கோள் சொல்லியிருக்கிறது,
அந்த வரியை மட்டும் பொடிப்பொடிப் புள்ளியாக உதிர்த்து.

கறுப்பில் இத்தனை வகை உண்டென்று
ஆன்டப் ஹில்லில் இந்தக் கடை போட்டபிறகுதான் தெரியும்.
ஆட்டோமேடிக் என்றொரு கறுப்பு,
யாரும் எதையும் தேர்ந்தெடுக்காதபோது தானாக வருவது.
வாட்ஸப்பிலிருந்து ஒட்டினால் கூடவே வருகிற கறுப்பு,
அடுத்த வீட்டுச் சட்டை நம் கொடியில் காய்வதுபோல.

வரியின்மேல் கர்சரை வைத்தேன்.
சிவப்பு 34, பச்சை 34, நீலம் 34.
மேல்வரி, மூன்றும் பூஜ்ஜியம்.
கீழ்வரி, மூன்றும் பூஜ்ஜியம்.
நடுவில் இது.

நிறம் பார்க்கிறவள் எழுத்தைப் படிக்கக்கூடாது.
டைப்பிங் கடைக்கு அதுதான் மரியாதை.
டைவர்ஸ் நோட்டீஸ், கடன் கெஞ்சல், மொட்டைக் கடிதம்
எல்லாம் என் விரல்வழி போயிருக்கின்றன,
கண்வழி அல்ல.
முப்பத்துநான்கு என்னைப் படிக்கவைத்துவிட்டது:

"ரூம் 304, ஜெபக்கனி தேவசகாயம், கூட்டத்துக்கு நேரில் வந்து,
மொட்டைமாடியில் தமக்குள்ள பங்கை
மனப்பூர்வமாக விட்டுத்தந்தார்."

ஜெபக்கனி அக்காவைத் தெரியும்.
ஆதார் ஜெராக்ஸுக்கு வருவார்.
கலரா என்றால் பத்து ரூபாயா என்பார்.
"கறுப்பே போதும்மா, கறுப்புக்கு என்ன குறைச்சல்."
ஜூன் முழுக்க அவர் நாசரேத்தில், மகள் பிரசவத்துக்கு.
டிக்கெட்டை பிரின்ட் எடுத்துக் கொடுத்ததே நான்.
போக மே 28. வர ஜூலை 9.

மாத்ரே ஸ்டூலில் உட்கார்ந்து குடையை உதறுகிறார்.
கெட்டவர் என்று சொல்ல முடியாது.
போன வருஷம் கடைக்குக் கரன்ட் மீட்டர் வாங்கித் தந்தவர்.
நாளைக்கு ரெஜிஸ்ட்ரார் ஆபீஸாம், அவசரமாம்.

தூரிகைப் படத்தை அழுத்தினால் ஒரு நொடி வேலை.
மேல்வரியைத் தொட்டு இதன்மேல் இழுத்தால்
அளவு, சாய்வு, நிறம்
எல்லாம் ஊரோடு ஒத்துப்போய்விடும்.
தூரிகையைத் தொடவில்லை.
எண்களைக் கையால் அடித்தேன்.
சிவப்பு 0.
பச்சை 0.
நீலம் 1.

பிரின்டரும் இந்தமுறை வாயைத் திறக்கவில்லை.
மாத்ரே தாளை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தார்,
சாய்த்தார், நகத்தால் சுரண்டினார்,
"அரே வா" என்றார்.
நாற்பதுக்கு ஐம்பது தந்து
பையைப் பைக்குள் முடிந்துகொண்டு மழையில் இறங்கினார்.

தைரியம் என்று இதைச் சொல்லமாட்டேன்.
கோழைத்தனத்துக்கு ஒரு நிறம் இருந்தால்
அதன் எண்ணும் இதுவாக இருக்கலாம்.
ஒரு புள்ளி நீலத்தை எந்த ரெஜிஸ்ட்ரார் பார்க்கப்போகிறார்?

ஷட்டரை இறக்குமுன்
டிக்கெட் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன்.
மே 28 இருக்கிறது. ஜூலை 9 இருக்கிறது.
கடன் நோட்டில்
அக்கா பெயருக்கு எதிரே நான்கு ரூபாய் பாக்கியும் இருக்கிறது.
நேரில் போய்த்தான் கேட்கணும்.
மூன்றாம் மாடி.
லிஃப்ட் கிடையாது.