முப்பத்தொன்றாவது சுற்று

வேலந்தாவளத்தில் என் லாட்டரிக் கடைக்கு
மூன்றரைக்கு மேல் வருகிறவர்கள்
கிழித்துப் போடத்தான் வருகிறார்கள்.
விழாத சீட்டுகளைக் கிழியுமுன் கேட்டு வாங்கி
மைதாப் பசையில் ஒன்பது அடுக்கு ஒட்டி
கடப்பாக் கல்லுக்கடியில் இரண்டு நாள் வைத்தால்
பலகை மாதிரி ஆகிவிடும்.
தட்டினால் சத்தம் கேட்கும்.

அதில்தான் பல்சக்கரம் வெட்டுகிறேன்.
சின்னதற்குப் பதின்மூன்று பல், பெரியதற்கு முப்பத்தொன்று.
அச்சுக்குத் தீர்ந்துபோன ரீஃபில்,
சின்னதைச் சுற்றக் கைப்பிடி, சைக்கிள் கம்பி வளைத்தது.
முதல் நான்கு ஜோடி வீண்.
ஒரு பல் அரை மில்லி கூடினாலும்
மொத்தமும் முரண்டு பிடிக்கும்.
பல்லுக்குப் பல் மலையாள எழுத்து பாதி பாதியாய்,
ஒன்றில் யானையின் தும்பிக்கை மட்டும்.

சின்னதில் ஒரு பல்லுக்குச் சிவப்பு மை.
பெரியதில் ஒரு பள்ளத்துக்கும்.
இரண்டையும் பொருத்தி வைத்துத்தான் கையில் தருவேன்.
மறுபடி அவை பொருந்த
முப்பத்தொரு தரம் சுற்றணும்.
முப்பதில் நடக்காது.
முப்பத்திரண்டுக்கு இழுக்காது.

"பரிசு உண்டா?" எடைமேடை கருப்பணன் கேட்டார்.
"இல்லை."
"பின்னே எதுக்கு?"
"கண்டிப்பா விழும்ல, அதுக்கு."

நேற்று திலகமணி,
க.க. சாவடியிலிருந்து எல்லை தாண்டி வருகிறவள்,
கோழி லாரிக்குக் கணக்கு எழுதுகிறவள்,
சீட்டை போன் கவருக்குள் செருகிவிட்டு
சுற்ற ஆரம்பித்தாள், வாய்விட்டு எண்ணிக்கொண்டு.
பத்தொன்பதில் யாரோ சில்லறை கேட்டார், அவள் நிறுத்தவில்லை.
இருபத்தாறுக்குப் பிறகு குரல் தணிந்தது.
முப்பது என்றபோது
கோயமுத்தூர் பஸ்.
கையை எடுத்துவிட்டு ஓடினாள்.

ராத்திரி கணவாய்ப் பக்கமிருந்து மழைக்காற்று.
ஈரத்தில் அட்டை ஊதும், பல் தடிக்கும்.
கடை திறந்து தொட்டுப் பார்த்தேன், நமுத்த அப்பளம்.
நாற்பது வாட் பல்பைத் தாழ இறக்கி
இரண்டு மணி நேரம் காட்டினேன்.
காய்ந்ததா என்று தெரிய
ஒரு சுற்று சுற்றினால் போதும்.
சுற்றவில்லை.

சீட்டுக்கட்டு கொண்டுவரும் பையன் கைப்பிடியைத் தொடப் போனான்.
தட்டிவிட்டேன்.
"ஆள் வருது" என்றேன்,
பஸ் சீட்டில் துண்டு போட்டவன் மாதிரி.

மூன்றரைக்கு வந்தாள்.
ரிசல்ட் தாளை நான் எடுத்து நீட்ட
அதைப் பார்க்காமல்
"யாராச்சும் தொட்டாங்களா?" என்றாள்.
இல்லை என்று தலையாட்டினேன்.

பையைக் கீழே வைத்தாள்.
வலது கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்,
இரண்டு பக்கமும்.