சிரட்டையில் ஒரு வரி

விடிந்ததிலிருந்து சாறல். இன்றைக்கு ரப்பர் வெட்டு இல்லை.
வெட்டில்லாத நாளில்தான் அருமனையில்
பத்திரம் எழுத ஆள் கூடும்.

எனக்கு எல்லா நாளும் வெட்டு.
இடக்கைச் சுண்டுவிரல் கண்ட்ரோலில் கிடக்கும்,
எக்ஸ், சி, வி மூன்றும் சுவரொட்டிய வீடுகள்.
புதுப்பத்திரம் என்று ஒன்றை
நான் இதுவரை அடித்ததில்லை.
யாரோ எப்போதோ விற்ற பூமியைத் திறந்து,
கண்ட்ரோல் ஏ,
மொத்தமும் நீலமாகும்.
பிரதி எடுத்து, ஒட்டி, பெயரை மாற்றினால்
அடுத்தவன் பூமி.

ஒருமுறை அந்த நீலத்தின்மேல்
தெரியாமல் 'க' தட்டிவிட்டேன்.
இருபத்தேழு சென்ட், இரண்டு அயனி, ஒரு ஓட்டு வீடு,
நான்கு அத்து
எல்லாம் போய் வெள்ளைத் தாளில் 'க' மட்டும் நின்றது.
இசட் இல்லாவிட்டால் அன்றைக்கே
வேலையை விட்டிருப்பேன்.

டென்னிசன் வந்தது பதினொன்றரைக்கு.
கூடவே தம்பி கிருபதாஸ்.
சட்டையில் ரப்பர்பால் காய்ந்து கறுத்த பொட்டுகள்.
அக்கா லீலாபாய் எதிர்க்கடையில்
ஆதார் நகல் எடுக்க நின்றிருந்தாள்.

"கொச்சே, அந்தக் கெணத்து வரிய எடுத்திரு."
குரல் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் குனிந்தது.
"அவளுக்க வீட்டுல பைப்பு உண்டு."

கிருபதாஸ் மழையைப் பார்த்தான்.

வரி இது:
வடகிழக்கு மூலைக் கிணற்றில் நீர் கோரவும்
மூன்றடி நடைவழியில் போய்வரவும்
லீலாபாய்க்கு உள்ள உரிமை.

பேக்ஸ்பேஸில் அழிக்கலாம்.
ஆனால் தமிழ் அவ்வளவு லேசில் அழியாது.
'லீலாபாய்' மேல் ஒரு தட்டு தட்டினால்
புள்ளி மட்டும் போகும்,
அவள் 'லீலாபாய' என்று நிற்பாள்,
எங்கேயோ பாயப் போகிறவள் மாதிரி.

ஷிஃப்டைப் பிடித்துக் கீழம்பு, கீழம்பு.
சங்கிலி வைத்து அளப்பதுபோல
மூன்று வரியும் நீலமாயின.
எக்ஸ்.

வெட்டினது எங்கே போகும் என்று
டென்னிசனுக்குத் தெரியாதா?
மரத்தில் கீறினதும் பால் சிரட்டைக்குப் போகும்.
இதிலும் ஒரு சிரட்டை உண்டு.
ஒன்றே ஒன்றுதான்.
அடுத்ததை ஊற்றினால்
முந்தினது காணாமல் போகும்.

அதன்பிறகு நான் எதையும் பிரதி எடுக்கவில்லை.
சர்வே நம்பரைக் கையால் அடித்தேன்.
மூன்றுபேர் ஆதாரையும்
எண் எண்ணாய்.
முதலாளி செல்வின் கேட்டார்,
"என்னடே, தாய்ப்பத்திரத்துலேருந்து எடுத்துப் போட்டா போதாதா?"
"விரல் வலிக்கு சார்" என்றேன்,
விரல் வலிக்கிறவள் அடிக்கிற வேகத்திலா அடித்தேன்.

இசட் தட்டிப் பின்னே போயிருக்கலாம்தான்.
நடுவில் அடித்த அத்தனையும்
கூடவே அவிழ்ந்திருக்கும்.

லீலாபாய் குடையை மடக்கிக்கொண்டு வந்தாள்.
வாசித்துக் காட்டச் சொன்னாள்.
வாசித்தேன்.
தெற்கே ஓடை, மேற்கே கிருபதாஸ் பங்கு,
முடிந்தது என்றேன்.

"பின்ன கெணறு?"

யாரும் வாய் திறக்கவில்லை.
மின்விசிறி கூட அப்போதுதான் நின்றது,
கரண்ட் போய், யுபிஎஸ் கீச்சிடத் தொடங்கியது.
"பைப்புல கோடையில காத்துதாம் வருது" என்றாள்
தம்பிமாரைப் பார்க்காமல்,
என்னிடம்.

சுண்டுவிரல் ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.
வி.

மூன்று வரி, ஒரு புள்ளியும் சிந்தாமல்.
டென்னிசன் என் கீபோர்டைப் பார்த்தான்,
பிறகு தன் கையை,
பெருவிரலில் வெட்டுக்கத்தித் தழும்பை.
"செரி, அது அங்க கெடக்கட்டு."
கிருபதாஸ் முதன்முறையாக மூக்கை உறிஞ்சினான்.

யுபிஎஸ் சாவதற்குள் சேமித்தேன்.

இரண்டரைக்குக் கரண்ட் வந்தது.
பேச்சிப்பாறையிலிருந்து ஒரு கிரயம் காத்திருந்தது.
பழைய பத்திரத்தில் ஏ, சி.
சிரட்டை நிறைந்தது, வேறு பாலால்.