நாற்றக் குறிப்பேடு, பக்கம் 61

இரவு இரண்டு பத்து. கச்சான் காற்று.
அழுகிய முட்டைக்கோஸ்.
கண் எரிச்சல் இல்லை. தொண்டையில் கரகரப்பு.
எழுதி முடித்துவிட்டுத்தான் அஞ்சலாட்சி இருமுவாள்.

எங்கள் நோட்டில் நாற்றங்களுக்குப் பெயர் உண்டு:
நெயில் பாலிஷ், மூட்டைப்பூச்சி, செத்த எலி,
பழுத்த அன்னாசி,
தனவேல் மட்டும் எழுதுகிற 'மாமியார் வீட்டு ரசம்'.
ஆய்வகத்துக்கு இதெல்லாம் புரியாது.
அவர்களுக்காகக் காற்றைப் பையில் பிடித்து
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோவோம்.
உள்ளே என்ன, என்றார் கண்டக்டர்.
குடிகாடு, என்றேன்.

மூன்று வாரம் கழித்துத் தாள் வந்தது.
பதினேழு பெயர்கள்.
ஒன்பதாவது, டைமெத்தில் சல்ஃபைடு.
அடியில் பொடி எழுத்தில்:
அளவு உறுதியில்லை, மேலும் ஆய்வு தேவை.

அதே வாரம் அவள் போனில் ஒரு செய்தி.
நூற்றிருபத்து நான்கு ஒளியாண்டுக்கு அப்பால்
ஒரு கிரகம் தன் சிவப்புச் சூரியனைக் குறுக்கே கடக்கையில்
அதன் காற்றின் விளிம்பில் வடிந்து வந்த வெளிச்சத்தில்
நம்ம ஒன்பதாம் நம்பரின் சாயல்.
இங்கே அதைக் கடலின் நுண்பாசிகள் விடுகின்றனவாம்.
அங்கேயும் கடல் இருந்தால்,
கடலில் ஏதாவது இருந்தால்.
உறுதியில்லை, மேலும் ஆய்வு தேவை.

அவள் சிரித்த சிரிப்பில் நாய் எழுந்துகொண்டது.
"அவங்களுக்கும் அதே லேப்தானா?"

சாயங்காலம் கொண்டல் திரும்பியது,
உப்பனாறு தாண்டிக் கடல் வாசனை.
இதுவும் அதே சரக்குதான், என்றாள்.
கொஞ்சமாய் வந்தால் கடல்,
கொட்டி வந்தால் புகார்.

இந்த ராத்திரியின் வெளிச்சம்
நூற்றிருபத்து நான்கு வருஷம் நடந்து அங்கே சேரும்.
பார்க்க யாராவது இருந்தால்
அவர்கள் தாளிலும் பதினேழு பெயர் வரலாம்.
உயிர் இருக்கிறது என்பார்கள்.
ஜன்னலைச் சாத்திக்கொண்டு,
ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு இருக்கிறது
என்பது நிறமாலையில் வராது.

அஞ்சலாட்சி புதுவரி போட்டாள்.
ஊர்: எண் மட்டும்.
நேரம்: பழையது.
காற்று எந்தப் பக்கம்: தெரியாது.
நாற்றம்: ஒன்பது, இருக்கலாம்.
'முகர்ந்தவர் பெயர்' கட்டத்தை அப்படியே விட்டாள்.
மூக்கு ஒன்று வந்து கையெழுத்துப் போடாமல்
எங்கள் நோட்டில் எதுவும் செல்லாது.

ஆனாலும் அடிக்கவில்லை.
இந்த நோட்டில்
பென்சிலால் எழுதிய ஒரே வரி அது.