வெறும் வயிறு

ஓத்தியாவின் முகம் எனக்குத் தெரியாது.
வயது ஐம்பத்து மூன்று. ஊர் ச்சியாத்தூரா.
மாங்கனீசுச் சுரங்கத் தொழிலாளி.
இரத்தத்தில் இரும்பு குறைகிறது, கசிவு எங்கே என்று தெரியவில்லை.
தாளில் இவ்வளவுதான்.

நேற்றுக் காலை எட்டேகாலுக்கு
கேமரா வைத்த மாத்திரையை விழுங்கினான்.
நொடிக்கு இரண்டு படம், எட்டு மணி நேரம்.
இடுப்பில் பதிவுப் பெட்டியோடு
குத்தாய்சிச் சந்தையைச் சுற்றி வந்தானாம்.
இன்று நான், மூன்றாம் மாடியில், சன்னலை மூடிவிட்டு
அவன் வயிற்றை ஐந்து மடங்கு வேகத்தில் ஓட்டுகிறேன்.

முதலில் பற்கள். கீழ்வரிசையில் ஒன்று தங்கம்.
(முகம் தெரியாது என்றேன், பல் தெரியும்.)
பிறகு நாக்கு, ஒரு சறுக்கல், இருட்டு.
விழுங்கு என்பதுதான் நாம் இடும் கடைசிக் கட்டளை.
தொண்டைக்குக் கீழே யார் பேச்சும் எடுபடாது.
பிழிவதும் தள்ளுவதும் காத்திருப்பதும்
குழாய் தானே எடுக்கும் முடிவு.

இரைப்பை.
இளஞ்சிவப்பு மடிப்புகள், கசக்கிப் போட்ட படுக்கை விரிப்பு போல.
ஆணியை அரிக்கும் அமிலம் ஊறுகிற பை
தான் மட்டும் வேகாமல் இருக்கிறது:
கோழையைப் பூசிக்கொள்கிறது,
நாலைந்து நாளுக்கொரு முறை
உள்தோலை உதிர்த்துப் புதிதாக உடுத்துகிறது.

அங்கே, ஒரு மடிப்பில், பளபளவென்று
சிவப்புப் பீன்ஸின் தோல்.

ஓத்தியா!
பன்னிரண்டு மணி நேரம் பட்டினி என்று
கையெழுத்துப் போட்டாயே.

ஐம்பது நிமிடம் ஒரே காட்சி.
சுருக்குப்பை வாய்போல் ஒரு துளை
திறக்கும், மூடும், யோசிக்கும்.
ஒரு கணத்தில் மாத்திரை உள்ளே, தோலும் கூடவே.
மஞ்சளாய்ப் பித்தம் வந்து மோதுகிறது.
நெய்ப்பிசுக்கைப் பொடிப்பொடியாய் உடைக்கிற வேலை,
கல்யாண வீட்டுப் பாத்திரம் கழுவுகிறவர்கள் வேலை.

அப்புறம் சிறுகுடல்.
ஓடையடிப் புல்லாய் அசையும் கோடி விரல்கள்.
இந்த வேலைக்கு வந்த முதல் வாரம்
இதைப் பார்த்துத்தான் ஒன்று புரிந்தது:
தின்றதெல்லாம் உள்ளே போனதாக நினைக்கிறோம். போகவில்லை.
வாய் தொடங்கி ஆசனவாய் வரை
உடம்பின் நடுவே ஓடுகிற தெரு அது.
இந்த விரல்கள் தொட்டு, இச்சுவரைக் கடந்தால்தான்
ரொட்டி ஓத்தியா ஆகும்.
அதுவரை வழிப்போக்கன்.

இரண்டு மணி நாற்பத்தேழு நிமிடம், ஒன்பதாம் நொடி.
நிறுத்து. பின்னால் போ. இன்னும் ஒரு படம்.
சிவந்த சிலந்திபோல் ஒரு புள்ளி,
அதிலிருந்து ஒரு நூல் இரத்தம்.
மலையைக் குடைந்து உலோகம் எடுக்கிறவனிடமிருந்து
இங்கே ஓசையில்லாமல் இரும்பு போய்க்கொண்டிருக்கிறது.
குறித்துக்கொண்டேன். கை கொஞ்சம் நடுங்கியது,
எத்தனை பேருக்குப் பார்த்தாலும் நடுங்கும்.

மிச்சத்தையும் பார்க்க வேண்டும், அது விதி.
ஏழாம் மணியில் பெருங்குடலின் வாசல்.
தண்ணீர் வற்றும் இடம். மங்கல், பழுப்பு, கலங்கல்.
பீன்ஸ் தோல் அப்படியே இருக்கிறது,
அமிலமும் பித்தமும் தோற்றுப்போன தோல்.
இனி அதைத் தொடப்போவது ஓத்தியா அல்ல,
அவனுக்குள் வாடகையில்லாமல் குடியிருக்கும்
எண்ணிலடங்காத சின்ன உயிர்கள்.
அதைப் பார்க்க என்னிடம் விளக்கில்லை.
பேட்டரி தீர்ந்து திரை கறுத்தது.

அறிக்கையில் கடைசிக் கேள்வி:
நோயாளி வெறும் வயிற்றோடு வந்தாரா?

விரல் விசைப்பலகையில் நின்றது.
மணி மூன்று, நான் இன்னும் சாப்பிடவில்லை.
சரியாக அப்போது என் வயிறு உறுமியது.
பசி என்று நினைப்பார்கள். பாதிதான் சரி:
காலியான குடலை, யாரும் சொல்லாமலே,
ஒன்றரை மணிக்கொரு முறை பெருக்கும் துடைப்பச் சத்தம் அது.

ஆம், என்று எழுதினேன்.
கசிவு கிடைத்துவிட்டது. பீன்ஸ் எங்களுக்குள் இருக்கட்டும்.