ம்

படிப்பின் கடைசி வருடம்
விடுதிக் கண்ணாடி முன் பழகியது அது.
தலை அரை அங்குலம் சாய,
உதடு பிரியாமல்,
மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவிலிருந்து
ம்.
தீர்ப்பில்லாத ம். அவசரமில்லாத ம்.
கே.கே. நகர் மாடியறையில்
மணிக்கு எண்ணூறு ரூபாய்.

அய்யங்காளை, ஐம்பத்திரண்டு வயது,
கண்டக்டர், ஆரப்பாளையம் – திண்டுக்கல்.
தூக்கம் வரவில்லை என்றுதான் வந்தார்.
மூன்றாவது வாரம் அந்தப் பையன் வந்தான் பேச்சில்:
படிக்கட்டு, கக்கத்தில் பரீட்சை அட்டை,
மழை அப்போதுதான் விட்டிருந்த ரோடு.
"உள்ள ஏறு, உள்ள ஏறுன்னேன் மேடம்
சில்லறை எண்ணிக்கிட்டே."
ம்.
"திரும்பிப் பாக்காமலே ரெட்டை விசில் குடுத்தேன்."
ம்.

நிறுத்திவிட்டார்.
"கோவிச்சுக்காதீங்க.
ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை சொல்றவன் நான்.
உங்க ம்
என்னோட உள்ள ஏறு மாதிரியே இருக்கு."

இதற்கு என்னிடம் பதில் உண்டு.
'நான் கவனிக்கவில்லை என்று தோன்றும்போது
உங்களுக்குள் என்ன நடக்கிறது?'
நல்ல கேள்வி. பந்து அவர் பக்கம் போய்விடும்.
போன ஞாயிறுகூட தல்லாகுளத்தில்,
ஆலோசகர் கூட்டத்தில்,
உண்மையாய் இருப்பதைப் பற்றி
பதினான்கு ஸ்லைடு காட்டினார் எழிற்செல்வன்.
நாங்கள் எல்லோரும் தலையசைத்தோம்,
அரை அங்குலம்.

காலையில் வரவேண்டிய சிலிண்டர்
பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்குமோ
என்று யோசித்துக்கொண்டிருந்தேன்
ஒரு பையன் கை நழுவிக்கொண்டிருந்தபோது.

"கேக்கலைங்க" என்றேன்.
"கொஞ்ச நேரமாவே கேக்கலை."

சிலிண்டரைச் சொல்லவில்லை.
அது அவர் சுமக்க வேண்டியதில்லை என்பதாலா,
அவ்வளவு சின்னதாக நான் தெரிவேன் என்பதாலா,
இன்றுவரை பிடிபடவில்லை.

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.
டிக்கெட் மெஷின் இல்லாத இடுப்பை
ஒருமுறை தடவிக்கொண்டார்.
"எந்த ஸ்டாப்புல எறங்குனீங்க?"

"பரவைக்கு முன்னாடி."

"சரி." தண்ணீர் குடித்தார்.
"பாத்திமா காலேஜ்ல இருந்து வாரேன்."

இந்த முறை விசில் வந்தபோது
என்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.
நேரம் முடிந்து
பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.
கீழே படியோரம்
அடுத்தவர் செருப்பைக் கழற்றுகிற சத்தம்.